விண்டோஸ் 11க்கு மாறுகிறீர்களா? ஓசையில்லாமல் தொலைபவற்றை முதலில் பாருங்கள்

[திரை: விண்டோஸ் 10 கணினியில் முழுத்திரை அறிவிப்பு. கர்சர் ‘பிறகு நினைவூட்டு’ பொத்தானை நோக்கிப் போகிறது.]

வணக்கம். கணினியைத் திறந்ததும் வேலைக்கு முன்னால் இந்த அறிவிப்பு வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போனவர்களுக்காக இந்த வீடியோ.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் கணினி நின்றுவிடாது. மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நின்றன. ஆனாலும் பயனர்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. 2015 மே மாதம் ஒரு மாநாட்டு மேடையில் மைக்ரோசாப்ட் ஊழியர் ஒருவர், விண்டோஸ் 10தான் கடைசிப் பதிப்பு என்று பேசினார். நிறுவனமும் அதை அப்போது மறுக்கவில்லை. இனி இயங்குதளம் மாற்றும் தொல்லையே இல்லை என்று பலரும் நம்பினார்கள். 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்து சேர்ந்தது.

மாறியவர்களிடம் என்ன குறை என்று கேட்டால் முதலில் டாஸ்க்பாரைச் சொல்வார்கள். ஸ்டார்ட் பொத்தான் இடது மூலையிலிருந்து நடுவுக்குப் போய்விட்டது, டாஸ்க்பாரைத் திரையின் மேலேயோ பக்கவாட்டிலோ வைத்துக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டார்கள், வலது கிளிக் செய்தால் பாதி மெனுதான் வருகிறது என்பார்கள். எல்லாம் எரிச்சல்தான். பொத்தானை மீண்டும் இடதுபுறம் கொண்டுவர செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதற்குள் டாஸ்க்பார் என்று போனால் வழி இருக்கிறது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு வலது கிளிக் செய்தால் பழைய முழு மெனு வரும். சில வாரங்களில் கை பழகிவிடும். இவற்றுக்கு இதற்கு மேல் நேரம் செலவிட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் மாற்றங்கள்தான் மனிதர்களை அழ வைக்கின்றன. அவற்றுக்குத்தான் இந்த வீடியோவின் பெரும்பகுதி.

[திரை: பிசி ஹெல்த் செக் செயலி. ‘இந்தக் கணினி தகுதி பெறவில்லை’ என்ற முடிவு.]

அதற்கு முன் வாசலிலேயே நிறுத்தப்படுகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0. இந்த டிபிஎம் என்பது பூட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஒரு பாதுகாப்புச் சிப். தனிச் சிப்பாக இல்லாவிட்டாலும், கடந்த பத்தாண்டுகளில் வந்த பெரும்பாலான புராசஸர்களுக்குள்ளேயே இந்த வசதி இருக்கிறது. இன்டெல் அதைப் பிடிடி என்கிறது, ஏஎம்டி எஃப்டிபிஎம் என்கிறது. பல கணினிகளில் பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்புக்குள், அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். ஆகவே ‘டிபிஎம் இல்லை’ என்று வந்ததும் புதுக் கணினி வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். பயாஸைத் திறந்து அதை இயக்கிவிட்டு மீண்டும் சோதியுங்கள்.

புராசஸர் பட்டியல்தான் முறையான வழியில் தாண்ட முடியாத சுவர். இன்டெல் என்றால் ஓரிரு விதிவிலக்குகள் தவிர எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை முதல். 2017இல் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஏழாம் தலைமுறை ஐ5 கணினி, டிபிஎம் 2.0 இருந்தும், வெளியே நிற்கிறது. பாதுகாப்பும் நிலைத்தன்மையும்தான் காரணம் என்கிறது மைக்ரோசாப்ட். தகுதியில்லாத கணினிகளில் விண்டோஸ் முடங்கிப்போவது 52 சதவீதம் அதிகம் என்று 2021இல் அது ஒரு கணக்கும் காட்டியது. அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டாலும், ஒழுங்காக ஓடும் இயந்திரத்தைக் கழிக்கச் சொல்வது எனக்கு உடன்பாடானதல்ல. சோதனையை ஏமாற்றிவிட்டு ஏற்றும் வழிகள் இருக்கின்றன. அப்படி ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாப்ட் முன்கூட்டியே கைகழுவிவிட்டது. தொழில் நடக்கும் கணினியில் அந்த வழியில் போகாதீர்கள்.

[திரை: ‘சிஸ்டம் டைப்’ வரி பெரிதாகிறது. ‘32 பிட்’ என்ற இடத்தில் வட்டம்.]

இந்த வரியையும் பாருங்கள். விண்டோஸ் 10 வரை 32 பிட் பதிப்பு இருந்தது. விண்டோஸ் 11இல் 64 பிட் மட்டுமே. உங்கள் கணினியில் இருப்பது 32 பிட் என்றால் அதன் மேலேயே ஏற்ற முடியாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். பழைய 32 பிட் மென்பொருள்களில் பெரும்பாலானவை 64 பிட் விண்டோஸிலும் ஓடும். கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர்கள் அப்படி அல்ல. அவை 64 பிட்டாகவே இருக்க வேண்டும், முறையான டிஜிட்டல் கையொப்பமும் வேண்டும். பழைய ஸ்கேனர், பழைய பிரிண்டர், யுஎஸ்பியில் செருகும் டாங்கிள் இருந்தால்தான் திறக்கும் டிடிபி மென்பொருள்கள், கணக்கு மென்பொருள்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கின்றன. மென்பொருள் சரியாக நிறுவப்பட்டிருக்கும், டாங்கிளிலும் பழுது இருக்காது. இரண்டுக்கும் நடுவில் பேச வேண்டிய டிரைவர் மட்டும் இருக்காது. மாறுவதற்கு முன்பே ஒவ்வொரு கருவிக்கும் விண்டோஸ் 11 டிரைவர் உண்டா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பார்த்து, இறக்கி, பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஓசையில்லாத மாற்றங்களுக்கு வருவோம்.

[திரை: நீல நிறத் திரை. எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு இலக்கங்களுக்கான இடம்.]

இந்தத் திரையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் காலையில் கணினி திறக்கும்போது இது வந்தால், 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கிறது என்று பொருள். அது விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரின் மீட்பு எண், ரெக்கவரி கீ. அந்த எண் இல்லையென்றால் ஹார்டு டிஸ்கில் உள்ள எதையும் யாராலும் படிக்க முடியாது. டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் முடியாது. மைக்ரோசாப்டைக் கேட்டாலும் எண்ணை எடுத்துத் தர வழியில்லை என்றுதான் சொல்வார்கள்.

‘நான் எதையும் பூட்டவில்லையே’ என்று நீங்கள் கேட்கலாம். விண்டோஸ்தான் பூட்டியது. 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்தால் டிஸ்க் குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி டிஸ்கைப் பூட்டுவது, தானாகவே தொடங்கிவிடுகிறது. கடையிலிருந்து வரும் புது லேப்டாப்களிலும் இதே கதைதான். விண்டோஸ் 10இன் மேலேயே ஏற்றினால் இது தானாக நடப்பதில்லை. குறியாக்கம் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். லேப்டாப் திருடு போனால் உள்ளே இருக்கும் வங்கி விவரங்களையும் குடும்பப் படங்களையும் காப்பது அதுதான். உரியவருக்குத் தெளிவாகச் சொல்லாமல் பூட்டுவதுதான் தவறு.

எண் எங்கே போய்ச் சேருகிறது? எந்த மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து நிறுவினீர்களோ அந்தக் கணக்கில். நம் ஊரில் ஆபத்து தொடங்கும் இடம் இது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு, நிறுவும்போதே இணையமும் மைக்ரோசாப்ட் கணக்கும் வேண்டும் என்கிறது. வாடிக்கையாளர் கடையில் கணினியை விட்டுவிட்டுப் போயிருப்பார். சர்வீஸ் செய்கிறவர் வேலை முடிய வேண்டுமே என்று ஏதோ ஒரு மின்னஞ்சல் முகவரியில் கணக்கு தொடங்கி உள்ளே நுழைந்துவிடுவார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலையை முடிக்கும் அவசரம்தான். பீரோவைப் பூட்டி, சாவியைப் பெயர் தெரியாத யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட்டது போல ஆகிறது. ஓராண்டு கழித்து பயாஸ் புதுப்பிக்கப்படும், அல்லது மதர்போர்டு மாற்றப்படும். டிபிஎம் ‘இது நான் அறிந்த கணினி அல்ல’ என்று சந்தேகப்படும், நீலத் திரை வரும். அந்த மின்னஞ்சல் முகவரி அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்ற பகுதிக்குள் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால், உங்கள் சொந்தக் கணக்கில் நுழைந்து அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதியோ அச்சிட்டோ வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்துப் பயனில்லை. கணக்கு யாருடையது என்றே தெரியாவிட்டால், கணினி திறக்கிற நிலையில் இருக்கும்போதே குறியாக்கத்தை அணைத்துவிடுங்கள். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம், நடுவில் மின்சாரம் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

[திரை: காலியான டெஸ்க்டாப்.]

அடுத்து இந்தக் காட்சி. ‘என் கோப்புகள் எல்லாம் அழிந்துவிட்டன’ என்று பதறி அழைப்பவர்களில் பலருக்கு உண்மையில் எதுவும் அழிந்திருக்காது. மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவின் காப்பு வசதி இயங்கினால் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று ஃபோல்டர்களும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறிவிடுகின்றன. இலவச இடம் 5 ஜிபிதான். ஒரு கல்யாண ஆல்பத்துக்கே அது போதாது. இடம் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்ததும் எரிச்சலில் காப்பை அணைக்கிறோம், டெஸ்க்டாப் காலியாகத் தெரிகிறது. உங்கள் பயனர் பெயரில் உள்ள ஃபோல்டருக்குள் ஒன்டிரைவ் என்ற ஃபோல்டரைத் திறந்தால் கோப்புகள் அங்கே இருக்கும். அவற்றைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். நகர்த்தி முடிக்கும்வரை ‘இடம் பிடிக்கிறதே’ என்று ஒன்டிரைவ் தளத்துக்குப் போய் எதையும் அழிக்காதீர்கள். அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும்.

[திரை: ஒரு திருமண அழைப்பிதழ் கோப்பு. தமிழ் இருக்க வேண்டிய இடம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்.]

இனி வருவது ஆங்கில வீடியோக்களில் நீங்கள் பார்க்க முடியாத சிக்கல். தமிழ் எழுத்துரு.

அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் வழக்கறிஞர் அலுவலகங்களிலும் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. இலங்கையிலும் பாமினியின் புழக்கம் பெரிது. அந்தக் கோப்புகளுக்குள் உண்மையில் தமிழ் எழுத்துகள் இல்லை. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். எம் என்ற இடத்தில் ‘அ’ வடிவத்தையும், அரைப்புள்ளி இருக்கும் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியையும் வரைந்து காட்டுவது எழுத்துரு மட்டுமே. விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது எழுத்துரு போய்விட்டால், எஞ்சுவது இந்தத் திரையில் நீங்கள் பார்ப்பதுதான். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் ஒரு புள்ளிகூடக் குறையாமல் வந்துவிடும்.

அதனால் மாறுவதற்கு முன் எழுத்துருக்களைப் பிரதி எடுக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸை மட்டும் எடுத்தால் போதாது. 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, எழுத்துருவைச் சாதாரணமாக நிறுவினால் அது அந்தப் பயனருக்கு மட்டும் உரியதாக வேறோர் இடத்தில் போய் உட்காருகிறது. பயனர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல், மைக்ரோசாப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். ஆப்டேட்டா மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர் என்பதால் வியூ மெனுவில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் தெரியும். இரண்டு இடங்களிலிருந்தும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே பதிவாகும் பொதுத் தரமான யூனிகோடில் எழுதுபவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. விண்டோஸ் 2000 காலத்திலிருந்து நாம் பார்த்த லதா எழுத்துருவும், பிறகு வந்த விஜயாவும் இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை. லதாவில் வடிவமைத்த வினாத்தாள் புதுக் கணினியில் விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துருவில் திறக்கும். படிக்க முடியும், ஆனால் வரிகள் இடம் மாறும், ஒரு பக்கத்தில் அடங்கியது இரண்டாம் பக்கத்துக்கு வழியும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைச் சேர்த்தால் இரண்டும் திரும்பிவிடும். பழைய தட்டச்சு விசைமுறையில் அடிப்பவர்கள் அதற்கான மென்பொருளின் நிறுவல் கோப்பையும் முன்பே எடுத்து வையுங்கள். தமிழ்99 அடிப்பவர்களுக்கு விண்டோஸிலேயே விசைப்பலகை இருக்கிறது.

நேரம் கிடைக்கும்போது முக்கியமான பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

[திரை: பழைய லேப்டாப் ஒன்று. நாட்காட்டியில் 2026 அக்டோபர் 13.]

தகுதி பெறாத கணினி வைத்திருப்பவர்களுக்கு அவசரம் வேண்டாம். வீட்டுப் பயனர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை உண்டு. 30 டாலர் கட்டணம், அல்லது மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்பு எடுக்கச் சம்மதித்தால் இலவசம். விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு செய்யலாம். அதற்குப் பிறகு, உலாவியும் மின்னஞ்சலும் படிப்பும் மட்டுமே தேவைப்படும் கணினிக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் தாராளமாகப் போதும். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்களுக்கும் இதுவே நல்ல வழி.

[திரை: செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கம். ‘கோ பேக்’ பொத்தான்.]

விண்டோஸ் 10இன் மேலேயே ஏற்றியவர்களுக்குத் திரும்பிப் போக பத்து நாட்கள் அவகாசம் உண்டு. ரெக்கவரி பக்கத்தில் இந்தப் பொத்தான் அதுவரை இருக்கும். பழைய விண்டோஸ் முழுவதும் ‘விண்டோஸ் டாட் ஓல்டு’ என்ற ஃபோல்டரில் இருக்கிறது. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று அதை அழித்தால் பொத்தானும் போய்விடும். அந்தப் பத்து நாட்களுக்குள் ஒவ்வொரு கருவியையும் வேலை வாங்கிப் பாருங்கள். ஒரு பில் அச்சிடுங்கள், ஒரு பத்திரத்தை ஸ்கேன் செய்யுங்கள், டாங்கிளைச் செருகி மென்பொருளைத் திறங்கள், மிகப் பழைய தமிழ்க் கோப்பு ஒன்றை எடுத்துப் படியுங்கள். கணக்கு முடிக்கும் மார்ச் கடைசி வாரத்திலும், அச்சகமாக இருந்தால் முகூர்த்த மாதங்களிலும் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.