சூடமும் வனிலாவும் 152தான்

நேயர்களுக்கு வணக்கம். எச்.எஸ்.சி.யில் வேதியியல் எடுத்திருப்பவர்களும், ரெதுயியிலுள்ள மொரிஷியஸ் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு கரிம வேதியியல் வகுப்புக்குப் போகிறவர்களும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வானொலியில் நிறமாலைப் படத்தைக் காட்ட முடியாது, எண்களைத்தான் சொல்ல முடியும். ஒரு சேர்மத்தின் அமைப்பைக் கருவிப் படங்களிலிருந்து கண்டுபிடிக்கும் இன்றைய வேலைக்கு எண்களே போதும்.

கோவிலில் ஏற்றும் சூடம். நம் தீவில் தேயிலையோடு கலந்து விற்கும் வனிலாவில் மணக்கிற வனிலின். மூட்டுவலித் தைலத்தில் மூக்கைத் துளைக்கும் விண்டர்கிரீன் எண்ணெயின் மெத்தில் சாலிசிலேட். மூன்றையும் தூய்மையாக்கி, மூலக்கூறின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக் கருவியில் தனித்தனியே செலுத்தினால் மூன்றுக்கும் மூலக்கூறு நிறை 152 என்றே வரும். தேர்வில் 'இந்தச் சேர்மத்தின் அமைப்பைக் கண்டுபிடி' என்று கேட்கும்போது மாணவர்கள் மூலக்கூறிலுள்ள ஹைட்ரஜன்களைக் காட்டும் புரோட்டான் என்.எம்.ஆர். படத்துக்கு நேராகத் தாவுகிறார்கள். அதில் பழகின ஒரு பீக் தென்பட்டதும் ஓர் அமைப்பை வரைந்துவிட்டு, மிச்சத் தகவலை எல்லாம் அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். படத்தைத் தொடுமுன் வாய்பாட்டை எண்ண வேண்டும். அந்த வாய்பாட்டுக்கு வரக்கூடிய ஆட்களை எல்லாம் ஓரமாக எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொரு படத்தாலும் ஒவ்வொருவராக வெளியே அனுப்ப வேண்டும்.

152 என்ற முழு எண்ணோடு நின்றால் சூடத்தையே விலக்க முடியாது. சூடத்தில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். வனிலினில் 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 3 ஆக்சிஜன். நிறையை நான்கு தசம இடம் வரை அளக்கும் கருவி கையில் இருந்தால் சூடம் 152.1201, வனிலின் 152.0473. அதோடு வழக்கு முடிந்தது. சாதாரணக் கருவி என்றால் 152க்குப் பக்கத்தில் 153ல் நிற்கும் குட்டிப் பீக்கைப் பாருங்கள். இயற்கையில் கிடைக்கும் கார்பனில் ஏறத்தாழ 1.1 சதவீதம் கார்பன்-13. எனவே 10 கார்பன் உள்ள சேர்மத்துக்கு 153ன் உயரம் 152ன் உயரத்தில் 11 சதவீதம் இருக்கும், 8 கார்பனுக்கு 8.8. பீக் சிறியதாக இருந்தால் இந்தக் கணக்கில் ஒன்றிரண்டு கார்பன் பிசகும். அதனால் இதைத் துணைச்சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிறை இரட்டைப்படை என்பதால் ஒற்றை நைட்ரஜன் இல்லை. 154ல் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குப் பீக் இல்லை, ஆகவே குளோரின் இல்லை. சம உயரத்துக்கும் இல்லை, ஆகவே புரோமினும் இல்லை.

வாய்பாடு கிடைத்ததும் நிறைவுறாமை எண், அதாவது வளையமும் இரட்டைப் பிணைப்பும் மொத்தம் எத்தனை என்ற கணக்கு. கார்பன் எண்ணிக்கையை இரட்டித்து 2 கூட்டுங்கள், ஹைட்ரஜனைக் கழியுங்கள், பாதியாக்குங்கள். ஆக்சிஜனைக் கணக்கில் எடுக்க வேண்டாம். குளோரின், புரோமின் இருந்தால் ஹைட்ரஜனோடு சேர்த்துக் கழியுங்கள், நைட்ரஜன் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 1 கூட்டுங்கள். சூடத்துக்கு 22லிருந்து 16 போக 6, பாதி 3: இரண்டு வளையம், ஒரு கார்பனைல், அதாவது கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு. வனிலினுக்கு 18லிருந்து 8 போக 10, பாதி 5. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் முதலில் பென்சீன் வளையத்தைச் சந்தேகியுங்கள். வளையம் ஒன்றே 4 எடுத்துக்கொள்ளும், வளையத்துக்கு ஒன்று, மூன்று இரட்டைப் பிணைப்புக்கு மூன்று. பாக்கி 1. அது பெரும்பாலும் கார்பனைல்.

இப்போது ஓரத்தில் பெயர்களை எழுதுங்கள். 8, 8, 3 என்ற வாய்பாட்டுக்கு வனிலின் மட்டும் சொந்தக்காரன் இல்லை. ஐசோவனிலின், மெத்தில் சாலிசிலேட், கிரீம்களிலும் சிரப்புகளிலும் கெடாமல் இருக்கச் சேர்க்கும் மெத்தில் பாராபென், பாரா அனிசிக் அமிலம், மாண்டெலிக் அமிலம். இன்னும் சில உண்டு, இந்த ஆறு போதும். ஆறுக்கும் நிறைவுறாமை எண் 5தான். நம் குழாயில் இருப்பது வனிலின், ஆனால் அது நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு மற்ற ஐவரையும் விலக்கிப் பார்ப்போம்.

அடுத்தது அகச்சிவப்பு, அதாவது ஐ.ஆர்.; பிணைப்புகள் அகச்சிவப்பு ஒளியை எங்கே உறிஞ்சுகின்றன என்று காட்டும் படம், எண்கள் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலை என்ற கணக்கில். இதில் எல்லாப் பீக்குக்கும் விளக்கம் தேடுவது வீண்வேலை. 1500க்குக் கீழே உள்ள காட்டைத் தொடவே வேண்டாம். இரண்டு இடம் பார்த்தால் போதும்: 1650 முதல் 1800 வரை கார்பனைல், 2500 முதல் 3600 வரை ஓ.ஹெச். மாண்டெலிக் அமிலத்தின் கார்பனைல் 1715 பக்கம். அனிசிக் அமிலத்தில் 3300லிருந்து 2500 வரை சரிந்து இறங்கும் அகன்ற பள்ளம் ஒன்று தெரியும், அது கார்பாக்சிலிக் அமிலத்தின் கையெழுத்து. இந்த இருவரும் வெளியே. வனிலினின் கார்பனைல் 1665 சுற்றி இருக்கும். சாதாரண ஆல்டிஹைடுக்கு 1730 என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள். பென்சீன் வளையத்தோடும், அதன் எதிர்முனையிலுள்ள ஓ.ஹெச்.சோடும் எலக்ட்ரான் பகிர்வதால் அந்தக் கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு தளர்கிறது, எண் இறங்குகிறது. தொல்லை என்னவென்றால், மெத்தில் சாலிசிலேட்டும் மெத்தில் பாராபெனும் எஸ்டராக இருந்தும் 1680ஐ ஒட்டியே வந்து நிற்கும். ஐ.ஆரை மட்டும் வைத்து இந்த மூவரைப் பிரிக்கப் பார்க்காதீர்கள். 2720, 2820 பக்கம் ஆல்டிஹைடுக்குரிய சின்ன இரட்டைப் பீக் இருக்கிறதா என்று பார்க்கலாம். தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் ஆல்டிஹைடு இல்லை என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. 1 அல்லது 2 மில்லிகிராம் மாதிரியை 100 முதல் 200 மில்லிகிராம் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து வில்லையாக அழுத்தும் பழைய முறையை இன்னும் சில சோதனைச்சாலைகளில் கையாளுகிறார்கள். கியூர்பிப், வாக்வா பக்கத்து ஈரக்காற்றில் அந்த உப்பு அரைக்கும்போதே நீரை உறிஞ்சிவிடும். பிறகு 3400ல் அகன்ற பீக் வரும், ஓ.ஹெச். இல்லாத சேர்மத்துக்கும் ஓ.ஹெச். முளைக்கும். உப்பை 110 டிகிரி அடுப்பில் உலர்த்தி, உலர்த்திச் சாடியில் வைத்து, கடைசி நேரத்தில் எடுங்கள். சந்தேகம் வந்தால் வெறும் உப்பில் ஒரு வில்லை செய்து ஓட்டிப் பாருங்கள். மாதிரியை அப்படியே வைத்து அளக்கும் ஏ.டி.ஆர். இணைப்பு உள்ள கருவி என்றால் வில்லையே தேவையில்லை. 2350ல் ஒரு இரட்டைப் பீக் தெரிந்தால் அது அறைக்காற்றின் கார்பன் டையாக்சைடு. அதை நைட்ரைல், அதாவது கார்பன்-நைட்ரஜன் மும்மைப் பிணைப்பு, என்று எழுதிக் கொடுப்பவர்கள் வருடந்தோறும் இருப்பார்கள்.

புரோட்டான் படத்துக்கு முன், கார்பன்களைக் காட்டும் கார்பன்-13 என்.எம்.ஆர். படத்தைப் பார்க்கச் சொல்வேன். இரண்டிலும் எண்கள் பி.பி.எம். என்ற அலகில். எண்ணுவது அங்கே சுலபம். கரைப்பானாக டியூட்டிரியம் சேர்ந்த குளோரோஃபார்ம் போட்டிருந்தால் 77ல் மூன்று கோடு நிற்கும், அதை அடித்துவிடுங்கள். வனிலினுக்கு மிச்சம் 8: 191, 152, 147, 130, 127.5, 114, 109, 56. எட்டுக் கார்பனுக்கு எட்டு சிக்னல், ஆகவே வளையத்தில் சமச்சீர் இல்லை. மெத்தில் பாராபெனுக்கு எட்டுக் கார்பன் இருந்தும் ஆறு சிக்னல்தான் வரும், வளையத்தின் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால். அவரும் வெளியே. அடுத்து 191. எஸ்டர் கார்பனைல் 165 முதல் 172க்குள் வரும், மெத்தில் சாலிசிலேட்டில் அது 170.6. 191 என்பது ஆல்டிஹைடு அல்லது கீட்டோன். டெப்ட்-135 என்ற கார்பன் என்.எம்.ஆர். சோதனையை ஓட்டும்போது ஹைட்ரஜன் ஒட்டாத கார்பன் மறைந்துபோகும். 191 மறையாமல் மேல்நோக்கி நின்றால் ஆல்டிஹைடேதான். இந்தப் படத்தில் பீக்கின் உயரத்தை வைத்து எண்ணிக்கை சொல்லாதீர்கள். ஹைட்ரஜன் இல்லாத கார்பன்கள் மெதுவாகத் தளர்வதால் குட்டையாகவே வரும், மாதிரி குறைவாக இருந்தால் இரைச்சலில் முழுகியும் போகும். புரோட்டானுக்கு 5 முதல் 10 மில்லிகிராம் போதும் என்றால் கார்பனுக்கு 30 முதல் 50 வரை போடச் சொல்வது இதனால்தான்.

கடைசியில் நிற்கும் 56ஐ அலட்சியம் செய்யாதீர்கள். புரோட்டான் படத்தில் வளையத்தோடு ஒட்டிய மெத்தாக்சி 3.8 முதல் 4.0, மெத்தில் எஸ்டரும் ஏறத்தாழ அதே இடம். மூன்று ஹைட்ரஜனுக்கு ஒரே கோடு, பார்க்க ஒன்றேபோல. கார்பன் படத்தில் மெத்தாக்சி 55, 56; எஸ்டரின் மெத்தில் 51, 52. நான்கு எண் வித்தியாசம்தான், ஆனால் நம்பலாம்.

இப்போது புரோட்டான். வனிலினுக்கு 9.83ல் ஒரு ஹைட்ரஜன், 7.42 சுற்றி இரண்டு, 7.04ல் ஒன்று, 6.2 பக்கம் அகன்ற ஒன்று, 3.97ல் மூன்று. கூட்டிப் பாருங்கள், 8. கூட்டுத்தொகை வாய்பாட்டோடு ஒத்துப்போகாமல் மேற்கொண்டு போகக் கூடாது. 7.26ல் நிற்பது கரைப்பானின் மிச்சம், 1.56ல் இருப்பது ஈரம், 2.17ல் ஒற்றைக் கோடு இருந்தால் குழாயை அசிட்டோனால் கழுவிவிட்டுச் சரியாக உலர்த்தவில்லை. 4.12, 2.05, 1.26 மூன்றும் சேர்ந்து வந்தால் எத்தில் அசிட்டேட் இன்னும் போகவில்லை. இவற்றை முதலில் பென்சிலால் அடித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

7.04ல் உள்ள சிக்னலைக் கிட்டத்தில் பார்ப்போம். அது இரண்டு கோடு. 400 மெகாஹெர்ட்ஸ் கருவியில் ஒன்று 7.05 பக்கமும் இன்னொன்று 7.03 பக்கமும் இருக்கும். இடைவெளி 0.021 பி.பி.எம். அதை 400ஆல் பெருக்கினால் 8.4 ஹெர்ட்ஸ். வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரு ஹைட்ரஜன்களுக்கு 7 முதல் 9 வரை, ஒன்றுவிட்டு ஒன்றுக்கு 2 சுமார், எதிரெதிருக்கு ஏறக்குறைய பூச்சியம். ஆகவே இந்த ஹைட்ரஜனுக்குப் பக்கத்துவீட்டுக்காரர் ஒருவர்தான். 7.42ல் இருப்பவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இரண்டு சிக்னல், அங்கே ஸ்கேல் வைத்து அளந்தால் பொய்யான எண்தான் வரும். கோடு கூர்மையாக இல்லாமல் தடித்துக் கிடந்தால் குறை சேர்மத்தில் இல்லை, குழாயில். 5 மில்லிமீட்டர் குழாயில் 0.6 மில்லிலிட்டர், அதாவது 4 முதல் 5 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். குறைத்து ஊற்றினால் ஷிம், அதாவது காந்தப்புலத்தைச் சீராக்கும் சரிக்கட்டல், சரியாக அமையாது. தூசியும் கரையாத துகளும் மிதந்தாலும் அதே கதைதான். பாஸ்டர் பிப்பெட்டில் சிறிது கண்ணாடிப் பஞ்சை அடைத்து வடிகட்டுங்கள்.

மெத்தில் சாலிசிலேட் இங்கே ஒரு கண்ணி வைத்திருக்கிறது. அதன் ஓ.ஹெச். பக்கத்திலுள்ள கார்பனைலோடு ஹைட்ரஜன் பிணைப்பில் பூட்டிக்கொண்டு 10.7ல் கூர்மையாக நிற்கும். ஓ.ஹெச். என்றால் அகன்றுதான் இருக்கும் என்று படித்தவர்கள் அதை ஆல்டிஹைடு என்று எழுதிவிடுவார்கள். குழாயில் ஒன்றிரண்டு சொட்டுக் கனநீர் விட்டு நன்றாகக் குலுக்கி மறுபடி ஓட்டுங்கள். ஓ.ஹெச். மறையும், ஆல்டிஹைடு ஹைட்ரஜன் அசையாது.

மீதி இருவர்: வனிலின், ஐசோவனிலின். மெத்தாக்சியும் ஓ.ஹெச்.சும் இடம் மாறியிருப்பதைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை, படங்களும் இரட்டைப் பிள்ளைகள்தான். ஐசோவனிலினின் இரட்டைக் கோடு 6.97 பக்கம், வனிலினுடையது 7.04. இந்த அளவு வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, செறிவு மாறினாலே எண் கொஞ்சம் நகரும். இதற்கு, அருகருகே இருக்கும் ஹைட்ரஜன்களைக் காட்டும் என்.ஓ.ஈ. சோதனை வேண்டும். 3.97ல் மெத்தாக்சியைத் தூண்டினால் இடவெளியில் அதற்கு மிக அருகே உள்ள ஹைட்ரஜனின் சிக்னல் உயரும். 7.42 பக்கம் உயர்ந்தால் வனிலின், 8 ஹெர்ட்ஸ் இரட்டைக் கோடு உயர்ந்தால் ஐசோவனிலின்.

அமைப்பை வரைந்தபின் மாஸ் ஸ்பெக் துண்டுகளுக்குத் திரும்பி வந்து சரிபாருங்கள். வனிலினில் 152க்குப் பக்கத்திலேயே 151 பலமாக இருக்கும், ஆல்டிஹைடு தன் ஹைட்ரஜனை உதிர்ப்பதால். மெத்தில் பாராபென் 31 இழந்து 121 தரும். மெத்தில் சாலிசிலேட் 32 இழந்து 120 தரும், அடுத்தடுத்து இருக்கும் ஓ.ஹெச்.சும் எஸ்டரும் சேர்ந்து ஒரு முழு மெத்தனாலையே வெளியே தள்ளிவிடுவதால். 121க்கும் 120க்கும் உள்ள இந்த ஒரு எண், வளையத்தில் யார் யார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது.

இத்தனை கருவியும் சேர்ந்து சொல்ல முடியாத ஒன்றும் உண்டு: பொருள் எங்கிருந்து வந்தது என்பது. பக்கத்துத் தீவான ரியூனியனில் 1841ல் எட்மோன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் வனிலாப் பூவைக் கையால் மகரந்தம் சேர்க்கும் வழியைக் காட்டினான். அதன் பிறகுதான் இந்தப் பக்கத்துத் தீவுகளில் வனிலாக் காய் விளைந்தது. 1874ல் ஜெர்மனியில் டீமானும் ஹார்மானும் ஊசியிலை மரங்களில் இருக்கும் கோனிஃபெரினிலிருந்து வனிலினைச் செய்துவிட்டார்கள். காயில் விளைந்ததும் குடுவையில் செய்ததும் ஒரே மூலக்கூறு, வழக்கமான என்.எம்.ஆர்., ஐ.ஆர். எதிலும் ஒரே படம். பிரிக்க வேண்டுமானால் கார்பன்-13 விகிதத்தை அளக்கும் தனிக் கருவி வேண்டும். வனிலாக் கொடி இரவில் இலைத்துளையைத் திறந்து கார்பன் டையாக்சைடை எடுப்பதால் அதன் மதிப்பு, பொதுத் தர மாதிரியோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு −20ஐ ஒட்டி நிற்கும், மரக்கூழின் லிக்னினிலிருந்து செய்தது −27 பக்கம், பெட்ரோலியத்திலிருந்து வந்தது அதற்கும் கீழே. சூடத்துக்குக் கதை வேறு. மரத்தில் விளைந்த சூடம் ஒளியை ஒரு பக்கமாகத் திருப்பும். டர்பன்டைனிலிருந்து செய்தது பெரும்பாலும் இருபக்க வடிவங்களும் சரிபாதிக் கலப்பு, திருப்பாது. அதற்கு ஒரு போலாரிமீட்டர் போதும்.

ஒரு பயிற்சி தந்து விடைபெறுகிறேன், எழுதிக்கொள்ளுங்கள். நிறை 136. வாய்பாடு 8 கார்பன், 8 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். கார்பன் படத்தில் 191, 165, 132, 130, 114, 55.6. புரோட்டான் படத்தில் 9.88ல் ஒன்று, 7.84ல் இரட்டைக் கோடாக இரண்டு, 7.00ல் இரட்டைக் கோடாக இரண்டு, 3.88ல் மூன்று. மெத்தில் பென்சோயேட்டுக்கும் இதே வாய்பாடு, அதற்கும் ஆறு கார்பன் சிக்னல்தான். அது ஏன் விடை இல்லை என்பதற்கு முதலில் இரண்டு காரணம் எழுதிவிட்டு, பிறகு அமைப்பை வரையுங்கள். வணக்கம்.