இரண்டாம் வீட்டில் மூன்று பேர்

(கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சில் இருந்த இழுவைகளைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன்.)

சபையோருக்கு வணக்கம். இங்கே வந்திருக்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்போது சனி சரியில்லை. உங்கள் ஜாதகக் குறிப்பைப் பார்க்காமலே சொல்கிறேன்.

கணக்கு இதுதான். சனி பன்னிரண்டு ராசியையும் சுற்றி வர முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். ஒரு ராசியில் இரண்டரை வருடம். உங்கள் ராசிக்கு முந்தின ராசி, உங்கள் ராசி, அடுத்த ராசி, இந்த மூன்றிலும் அவர் நிற்கிற காலம் ஏழரைச் சனி. ஆகவே எந்த நாளில் பார்த்தாலும் மூன்று ராசிக்காரருக்கு ஏழரை நடக்கும். அதோடு உங்கள் ராசியிலிருந்து எண்ணி எட்டாம் ராசியில் நின்றால் அட்டமச் சனி, ஏழில் கண்டச் சனி, நாலில் அர்த்தாஷ்டமச் சனி. மூன்றும் மூன்றும் ஆறு. சனி மீனத்தில் நிற்கும்போது கும்பம், மீனம், மேஷம், சிம்மம், கன்னி, தனுசு, இத்தனை பேரும் எள்ளெண்ணெய் வாங்க வேண்டியதுதான். அவர் மேஷத்துக்கு மாறினால் ஆட்கள் கொஞ்சம் மாறுவார்கள், எண்ணிக்கை ஆறுதான்.

அதனால் காசுக் கஷ்டம் என்று வந்த ஒருவரைப் பார்த்து "உங்களுக்குச் சனி படுத்துது" என்று சொன்னால், பூவா தலையா போட்டது போல, இரண்டில் ஒன்று சரியாக வரும். இதைச் சொல்லிச் சாத்திரத்தைப் பகிடி பண்ண நான் வரவில்லை. என் அப்பா சாத்திரம் பார்த்தவர். அவரிடம் கற்றுக்கொண்டு நானும் குறிப்புப் பார்ப்பேன். வேலை பார்த்தது வங்கியில், நகை ஈடு பிடிக்கிற பகுதியில். காலையில் என் கவுண்டரில் நின்ற ஆட்களில் சிலரைப் பின்னேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் அப்பாவின் முன்னால் கண்டிருக்கிறேன். கவுண்டரில் அவர்கள் வாய் திறந்ததில்லை. விறாந்தையில் ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது முழுக்க அந்த ஒரு மணித்தியாலத்தைப் பற்றித்தான்.

அதற்கு முன் 2022. யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் 360ஐத் தாண்டிப் போனது. செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டி நின்றது. சாப்பாட்டுச் சாமானை மட்டும் எடுத்தால் 95ஐ ஒட்டி. அந்த வருடம் பன்னிரண்டு ராசிக்காரரும் ஒரே கேஸ் வரிசையில் நின்றோம். பிறகு விலை ஏறுகிற வேகம் அடங்கியது, ஏறின விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. இப்படி ஒரு நாட்டில் மாச முடிவில் கையில் காசு இல்லை என்றால், அதற்கு உங்கள் ஜாதகத்தில் தனியாக ஒரு காரணம் தேடத் தேவையில்லை. கிரகத்தைக் குற்றம் சொன்னாலும் பரவாயில்லை, பலர் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு நித்திரை இல்லாமல் கிடக்கிறார்கள்.

சனிக்கு நீலக்கல் மோதிரம் போடச் சொல்லுவார்கள். இரத்தினபுரியில் மண்ணைக் கிண்டினால் நீலக்கல் வருகிற நாடு இது. அந்த நாடுதான் ஏப்ரல் 12இல் கையை விரித்தது. இதற்கு மேல் நான் நீலக்கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லை.

சரி, சாத்திரத்துக்குள் போவோம். ஜாதகக் கட்டத்தில் இருக்கிற பன்னிரண்டு வீட்டுக்கும் பழைய ஆட்கள் என்னென்ன பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆறாம் இடம் ருண, ரோக, சத்துரு ஸ்தானம். கடன், வருத்தம், பகை மூன்றும் ஒரே வீட்டில். கடன் வந்த வீட்டில் பிரஷர் வருவதும், கடன் கொடுத்த மச்சான் பகையாளி ஆவதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பன்னிரண்டாம் இடம் விரயம். அதே இடம்தான் சயன ஸ்தானமும். செலவும் படுக்கையும் ஒரே வீட்டில் இருக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு முழித்திருந்து மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்களுக்கு அந்த வீடு தெரியும்.

என்னைப் பிடித்து நிறுத்துவது இரண்டாம் வீடு. தன ஸ்தானம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதையே வாக்கு ஸ்தானம் என்றும் குடும்ப ஸ்தானம் என்றும் சொல்லுவார்கள். காசு, பேச்சு, குடும்பம் மூன்றையும் ஒரே அறையில் குடியிருத்தியிருக்கிறார்கள். நாம் காசு குறைந்தவுடன் என்ன செய்கிறோம்? முதலில் பேச்சை அறையை விட்டு வெளியே அனுப்புகிறோம். அப்புறம் குடும்பம் தானாகவே வெளியே போய்விடுகிறது.

கவுண்டரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றித்தான் சொல்கிறேன். ஒரு பெண்பிள்ளை தாலிக்கொடியை லேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்தது. கழுத்தில் அதே வேலைப்பாட்டில் ஒரு கவரிங் கொடி. உரைகல்லில் ஒரு இழுப்பு, அதன் மேல் ஒரு சொட்டு அமிலம், கோடு கலையாமல் நின்றது. தராசில் வைத்தேன். பவுணுக்கு 8 கிராம் என்று கணக்குப் போடும்போது அந்தப் பிள்ளை தராசைப் பார்க்கவில்லை, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மிஸ், அவருக்குத் தெரியக் கூடாது." சரி என்றேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு தம்பி தன் மோதிரத்தையும் ஒரு குழந்தைச் சங்கிலியையும் கொண்டுவந்தார். அடையாள அட்டையில் விலாசத்தைப் பார்த்தேன். அதே ஒழுங்கை, அதே பிளாட், அதே மாடி. "வீட்டில தெரிய வேண்டாம், மிஸ்." அதற்கும் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? ஒருவர் விஷயத்தை மற்றவருக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இரண்டு பேரும் ஒரே சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒரே வங்கிக்கு, ஒருவருக்கொருவர் தெரியாமல் இரண்டு வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். மனைவி எடுத்த காசு பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்கு. கணவன் எடுத்தது ஆட்டோ லீசிங்குக்கு. ஒரு இரவு குசினி மேசையில் இருந்து கதைத்திருந்தால் ஒரு நகையாவது வீட்டில் நின்றிருக்கும்.

இப்படிப்பட்டவர்கள் சாத்திரியாரிடம் மட்டும் கதைப்பார்கள். ஏன்? அவர் குறை சொல்ல மாட்டார். "ஏன் இவ்வளவு கடன் வாங்கினாய்" என்று கேட்க மாட்டார். "ராகு தசை அப்படித்தான் செய்யும்" என்பார். தசை என்றால் ஒரு கிரகம் நம்மை ஆளுகிற காலம். ராகு தசை 18 வருடம், சனி தசை 19, குரு தசை 16, எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு எழுதியிருக்கும். இது ஒரு நாள் முடியும் என்று யாராவது சொன்னால் போதும், ஆளுக்கு மூச்சு வரும். என் அப்பா சொன்ன பலன் எத்தனை பலித்தது என்று எனக்கு ஒரு கணக்கும் இல்லை. ஆனால் வந்தபோது குனிந்திருந்தவர்கள் போகும்போது நிமிர்ந்து போனதைக் கண்டிருக்கிறேன். வைத்தது அவர்கள் விரும்பிய தட்சணை மட்டும்தான்.

பிழை வருவது எங்கே என்றால், அந்தத் திகதியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற இடத்தில். சனி மீனத்துக்குப் போனது திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. மகர ராசிக்காரருக்கு ஒரு பஞ்சாங்கத்தில் ஏழரை முடிந்துவிட்டது, மற்றதில் இன்னும் பதினொரு மாதம் கிடந்தது. வட்டிக்காரரிடம் பஞ்சாங்கம் இல்லை. மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு ஒரு லட்சம் எடுத்தவருக்கு அந்தப் பதினொரு மாத இடைவெளிக்கு 55,000 ரூபாய். முதல் அப்படியே நிற்கும். நாள் பார்த்துத்தான் எல்லாம் செய்வேன் என்கிறவர்கள் 2015ஐயும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அப்போது ஜனாதிபதியாக இருந்த மகிந்த ராஜபக்ச தேர்தலை இரண்டு வருடம் முந்தி வைத்தார், வெற்றி உறுதி என்று அவருடைய ஜோதிடர் பகிரங்கமாகச் சொன்னார். ஜனவரி 8ஆம் திகதி அவர் தோற்றது உலகத்துக்கே தெரியும்.

பரிகாரம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். புரட்டாதிச் சனிக்கு ஒரு எள் விளக்கு, காகத்துக்கு ஒரு பிடி சோறு, கோவிலைச் சுற்றி ஒரு நடை. மனதுக்கு நல்லது, செலவும் பெரிதில்லை. கடன்பட்டு ஹோமம் செய்வதும், நகையை வைத்துத் திருநள்ளாற்றுக்கு டிக்கெட் போடுவதும் வேறு விஷயம். ஆறாம் வீட்டைக் காலி பண்ணப் போகிறோம் என்று சொல்லி அதற்குள் இன்னொரு கடனைக் கொண்டுபோய் வைக்கிறோம். ஒரு சாத்திரியார் பெரிய தொகையைச் சொல்லி, "உடனே செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து" என்று பயமுறுத்தினால் எழும்பி வாருங்கள். செருப்பைப் பிறகு எடுக்கலாம்.

இந்தக் கவலை மூளையை என்ன செய்கிறது என்பதற்கு நமக்குக் கிட்டவே ஒரு ஆய்வு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்டார்கள். கரும்புக்காரருக்குக் காசு வருவது அறுவடையோடுதான். அறுவடைக்கு முன் கை வறண்டிருக்கும், நகை அடகில் இருக்கும். அந்த நேரத்திலும், காசு வந்த பிறகும், அதே ஆட்களுக்குப் புதிர்ச் சோதனை வைத்தார்கள். காசு வருமுன் அதே மனிதர் குறைவாகச் செய்தார். ஆள் மாறவில்லை, படிப்பு மாறவில்லை. தலைக்குள் இருந்த இடத்தைக் கடன் பிடித்து வைத்திருந்தது. கஷ்டத்தில் இருப்பவர் ஏன் இன்னும் மோசமான கடனில் போய் விழுகிறார் என்று வசதியானவர்கள் கேட்பார்கள். இதுதான் பதில். அதனால்தான் காசுத் தீர்மானத்தை இரவு பத்து மணிக்கு எடுக்காதீர்கள் என்று சொல்கிறேன். விடியட்டும், ஒரு பிளேன் டீ குடியுங்கள், பிறகு கையெழுத்து வையுங்கள்.

இப்போது பிள்ளைகள் 'செல்ஃப் கெயார்' என்று சொல்லிப் போனில் காட்டுகிற பூச்சு, வாசனை மெழுகுதிரி எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். நான் சொல்வதற்குக் காசு தேவையில்லை. மருந்தை நிறுத்தாதீர்கள். இது முக்கியம், ஏனென்றால் வீட்டில் செலவைக் குறைக்க அம்மாமார் முதலில் நிறுத்துவது தங்கள் பிரஷர்க் குளிசையைத்தான். ஒரு நாளைக்கு ஒன்று போடுகிறதை ஒன்றுவிட்ட ஒரு நாள் போடுவார்கள், யாருக்கும் சொல்ல மாட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்கில் அந்தக் குளிசை இலவசம். வரிசைதான் நீளம். பின்னேரம் தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்கு இறங்குங்கள், ரயிலைப் பார்த்துக் கடந்தால் சரி. கலியாண வீட்டுக்கு வழக்கமாக வைக்கிற என்வலப்பின் கனத்தைக் குறையுங்கள். நாலு பேர் கதைப்பார்கள், அடுத்த கலியாணத்தோடு மறப்பார்கள்.

அப்புறம் ஒரு கொப்பி. இதைச் செய்யச் சொன்னால் எல்லோரும் பின்வாங்குவார்கள், எழுதினால் மொத்தம் தெரிந்துவிடும் என்ற பயம். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எப்போது கட்ட வேண்டும். சீட்டு, கைமாற்று, கடைக் கணக்கு, கார்ட், நகை, ஒன்றும் விடாமல். வட்டி கூடின கடனுக்குத்தான் கையில் வருகிற முதல் காசு, அதிகம் திட்டுகிற ஆளுக்கு இல்லை. பற்றுச்சீட்டுகளை அந்தக் கொப்பிக்குள்ளேயே வையுங்கள். தவணை தவறி நகை ஏலத்துக்குப் போவதில் பாதி, அந்தச் சீட்டை எங்கோ வைத்து மறந்ததால் நடப்பதாகத்தான் எனக்குத் தோன்றும். கட்ட முடியாது என்று தெரிந்தால் தவணைக்கு முன்னமே போய்ச் சொல்லுங்கள். முன்னமே வருகிறவருக்கு மனேஜர் கதிரை போடுவார், கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு வருகிறவருக்கு ஃபைலைத்தான் திறப்பார். காணியையோ வீட்டையோ ஈடாக எழுதிக் கொடுத்து மாட்டியவர்களுக்குக் கடன் இணக்கச் சபை என்று ஒன்று இருக்கிறது. 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தில் வந்தது. காணி போன பிறகுதான் பலருக்கு அந்தப் பெயரே காதில் விழுகிறது. வங்கியோ லீசிங் கொம்பனியோ முறைகேடாக நடந்தால் முறையிட மத்திய வங்கியில் இதற்கென்றே ஒரு திணைக்களம் இருக்கிறது.

செத்தால் நிம்மதி என்ற எண்ணம் யாருக்காவது ஒரு தடவை வந்திருந்தால், அது சனியின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். 1926க்கு அடியுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பு 1974இலிருந்து கொழும்பில் இருக்கிறது. அங்கேயும் குறை சொல்லாமல் கேட்க ஆள் உண்டு, தட்சணை இல்லை.

நேரம் முடிகிறது என்று தலைவர் கையைக் காட்டுகிறார். பின்னால் தேத்தண்ணீரும் வடையும் வைத்திருக்கிறார்கள். கைப்பைக்குள் குறிப்பை மடித்து வைத்துக்கொண்டு ஐந்தாறு பேர் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், முன்வரிசையிலேயே இரண்டு பேர். பார்க்கிறேன், காசு வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை. கணவனோ மனைவியோ பக்கத்துக் கதிரையில் இருக்க வேண்டும். தனியாக வந்தால் போன் போட்டுக் கூப்பிடுங்கள், நான் வடையைச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கிறேன்.