பழைய டைல்ஸ் மேலேயே புதியது ஒட்டலாமா?

அடுத்த கேள்வி. "எங்கள் குளியலறைத் தரைக்கு இருபது வயதாகிறது. நிறம் மங்கிவிட்டது, ஈரத்தில் வழுக்குகிறது. உடைக்க வேண்டாம், மேலேயே புது டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். நம்பலாமா?"

ஒட்டலாம். ஆனால் அதற்கு முன் கீழ்த்தளத்துக் கூரையை அண்ணாந்து பாருங்கள். குளியலறையின் வெளிப்பக்கச் சுவரடியையும் பாருங்கள். ஈரக் கறை, உப்புப் பூத்த பெயின்ட் இருந்தால் பேச்சே இல்லை, உடைத்துத்தான் ஆக வேண்டும். டைல்ஸ்தான் தண்ணீரைத் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் மேல்சட்டை. தடுப்பது அடியிலுள்ள வாட்டர்புரூஃபிங் பூச்சு. அது போனபின் மேலே எதை ஒட்டினாலும் கசிவு நிற்காது. உடைத்தால் புதுப் பூச்சைச் சுவரிலும் ஒரு சாண் உயரம் ஏற்றிப் பூசச் சொல்லுங்கள். காய்ந்ததும் தண்ணீர் கட்டி 24 மணி நேரமாவது விட்டு, கீழே கசிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ்.

கறை இல்லையா? நல்லது, இப்போது அளவுகோலை எடுங்கள். டைல்ஸ் 8 முதல் 10 மில்லிமீட்டர், பசை 3 முதல் 5. ஆக, தரை ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயரும். வெளி அறையைவிடக் குளியலறை தாழ்ந்திருப்பதே அவ்வளவுதான் என்றால், குளிக்கும் தண்ணீர் படுக்கையறைக்கு விருந்து வரும். கதவு இடித்தால் அடியைச் சீவிக்கொள்ளலாம். போன தாழ்வை எதைச் சீவியும் மீட்க முடியாது.

அதுவும் சரியாக இருந்தால், ஒவ்வொரு பழைய டைலையும் மரக்கட்டையால் தட்டுங்கள். பொள்ளலாக ஒலிப்பதைப் பெயர்த்தெடுத்து அந்தக் குழியை நிரப்ப வேண்டும். பிறகு சோப்புப் படிவைச் சுத்தமாகக் கழுவி, பளபளப்பை கிரைண்டரால் சொரசொரப்பாக்க வேண்டும். பழைய டைல்ஸின் கண்ணாடிப் பளபளப்பு தண்ணீரை உறிஞ்சாது, சாதாரண சிமென்ட் கலவை அதில் பிடிக்கவே பிடிக்காது. சிமென்ட் போதும் என்று உங்கள் கொத்தனார் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கென்றே பாலிமர் கலந்த பசை விற்கிறது. பையில் அப்படி எழுதியிருக்கிறதா என்று படித்து வாங்குங்கள்.

வழுக்கலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேற்பரப்பு மங்கலான, சிறிய டைல்ஸ் எடுங்கள். இணைப்புகள் அதிகமானால் காலுக்குப் பிடிப்பும் அதிகம். பெரிய பலகை போன்ற டைல்ஸ் கூடத்துக்கு அழகு. குளியலறையில் வாட்டம் கொடுக்கப் பாடாய்ப் படுத்தும். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராவது தரை சரிய வேண்டும். இணைப்புகளை நிரப்ப, சிமென்ட் கிரவுட்டுக்குப் பதில் பிசின் வகையான எபாக்சி கிரவுட் போடுங்கள், விலை கூடினாலும் எளிதில் கறை ஏறாது. கழுவ ஆசிட் மட்டும் வேண்டாம். சிமென்ட் கிரவுட் போட்டிருந்தால் அதை அரித்துவிடும்.

தண்ணீர் வெளியேறும் ஜாலியையும் புதுத் தரை மட்டத்துக்கு உயர்த்தச் சொல்லுங்கள். நான் பார்த்தவரை எல்லோரும் மறப்பது இதைத்தான்.