பலகையில் ஒட்டினால் போதுமா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். நூலகங்களில் புதிதாக என்னென்ன வசதிகள் வந்திருக்கின்றன என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் போன ஆண்டு எங்களிடம் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

மீஞ்சூரிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வருவார். நிலத்தடி நீரில் கடல்நீர் கலப்பதைப் பற்றித் தீசிஸ் எழுதிக்கொண்டிருந்தார். மீஞ்சூர்ப் பக்கம் கிணறுகள் உப்பாகிப்போனது அரை நூற்றாண்டுக் கதை. அவர்கள் வீட்டுக் கிணறும் அப்படிப் போனதுதானாம். சாயங்காலம் 5 மணிக்கே கிளம்பினால்தான் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து நேரத்தோடு வீடு போய்ச் சேர முடியும். நாங்கள் இரவு 8 மணி வரை திறந்து வைத்திருப்பதில் அவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஒருநாள் ரெஃபரன்ஸ் மேசைக்கு வந்தார். கையில் ஒரு கட்டுரையின் பிரிண்ட் அவுட். நாலைந்து இடத்தில் மஞ்சள் மார்க்கர் போட்டிருந்தது. "மேடம், இதுல சொல்லியிருக்கிற இன்னொரு கட்டுரை எனக்கு வேணும். இந்த ஒண்ணுக்கே 3,000 ரூபாய்க்கு மேல கட்டிட்டேன். இன்னொண்ணும் வாங்க முடியாது" என்றார். வாங்கிப் பார்த்தேன். அது வந்த ஜர்னல், அதாவது ஆய்விதழ், எங்களிடம் இருக்கிறது. அவர் பணம் கட்டிய அன்றைக்கும் இருந்தது. மீஞ்சூரில் வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு பைசா செலவில்லாமல் அவர் இறக்கியிருக்கலாம்.

"பலகையில் ஒட்டியிருக்கிறோமேம்மா, பார்க்கவில்லையா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் அது என்று பிறகுதான் தெரிந்தது.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பலகை முன்னால் போய் நின்றேன். கண்ணாடிக் கதவுக்குள்ளே டெண்டர் அறிவிப்பு, விடுதிக் கட்டண அறிவிப்பு, போன பருவத்துத் தேர்வு அட்டவணை. அவற்றுக்கு அடியில் பாதி மறைந்து எங்கள் தாள். "இதன்மூலம் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்" என்று தொடங்கி, ஒரே வாக்கியம் ஒன்பது வரிக்குப் போகிறது. அதில் 'மின்வளங்கள்', 'தொலை அணுகல்' என்ற சொற்கள் இருந்தன. 'கட்டுரை', 'இலவசம்', 'வீட்டிலிருந்தே' ஆகிய மூன்றும் இல்லை. அந்தத் தாளை எழுதியது நான்தான். அவர் நின்று படித்திருந்தாலும் அது தனக்கான செய்தி என்று புரிந்திருக்காது.

சரி, அந்த வசதி என்ன? 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பர் 25 அன்று ஒப்புதல் கொடுத்தது. 2025 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முன்பெல்லாம் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பணத்துக்கு ஏற்ற ஜர்னல்களுக்குத் தனித்தனியாகச் சந்தா கட்டும். பணமுள்ள இடத்தில் நிறையக் கிடைக்கும், இல்லாத இடத்தில் ஒன்றிரண்டுதான். இப்போது 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஜர்னல்களுக்கு, மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் என்று அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிறது. நாடு முழுவதும் 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் இதற்குள் வருகின்றன. மாவட்டத் தலைநகரில் இருக்கிற ஓர் அரசுக் கலைக் கல்லூரிப் பிள்ளையும் ஐஐடி மாணவரும் ஒரே ஜர்னலைத் திறக்க முடியும் என்பது நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத விஷயம்.

வளாகத்துக்குள் இருந்தால் நேராகவே திறக்கும். வெளியிலிருந்து படிக்கத்தான் லாகின் தேவை. அதை உங்கள் நூலகத்தில்தான் உருவாக்கித் தர வேண்டும். கேட்காதவர்களுக்கு அது தானாக வராது. அதனால் போய்க் கேளுங்கள்.

தனியார் கல்லூரி மாணவர்கள் இப்போதைக்கு இந்தத் திட்டத்துக்குள் இல்லை. இது எனக்கு வருத்தம்தான், அவர்களும் இதே ஊர்ப் பிள்ளைகள்தானே. ஆனாலும் பணம் கட்டுவதற்கு முன் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்டுரையின் முதல் பக்கத்தில் ஆசிரியரின் மின்னஞ்சல் முகவரி இருக்கும். மரியாதையாக நாலு வரி எழுதிக் கேளுங்கள். தன் கட்டுரையை ஒருவர் படிக்க விரும்புகிறார் என்றால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? பல பேர் அனுப்பிவிடுவார்கள். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் எழுதப்பட்ட தீசிஸ்களோ 'ஷோத்கங்கா' என்ற தளத்தில் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அதற்கு லாகினே வேண்டாம். இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் எவரும், மாணவராக இல்லாதவரும்கூட, திறந்து படிக்கலாம்.

தீசிஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. அடுத்தவர் எழுதியதை அப்படியே எடுத்திருக்கிறதா என்று பார்க்கும் நகல் சோதனைக்குக் கடைசி வாரத்தில் ஓடிவராதீர்கள். யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, மற்றவர்கள் எழுதியதோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. அதைத் தாண்டினால் திருத்தி எழுத உங்களுக்கு நாள் வேண்டுமல்லவா?

அப்புறம், தமிழ்ப் புத்தகங்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு மாணவர் எங்கள் கணினியில் 'சோழர்' என்று தமிழில் அடித்தார். 'முடிவுகள் இல்லை' என்று வந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து இருபதடி தூரத்தில் இரண்டு அலமாரி நிறையச் சோழர் வரலாறு இருக்கிறது! காரணம் இதுதான். பழைய மென்பொருளில் தமிழ் எழுத்து ஏறாது. அதனால் தமிழ்ப் புத்தகங்களின் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் பதிந்து வைத்தோம். ழகரத்துக்கு ஒருவர் இசட்-ஹெச் போட்டார், ஒருவர் அடிக்கோடிட்ட எல் போட்டார், இன்னொருவர் வெறும் எல் போட்டார். எல்லாம் வெவ்வேறு காலத்தில் வேலை பார்த்தவர்கள். புத்தகம் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது, தேடுகிறவருக்கு மட்டும் இல்லை.

இப்போது ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, தமிழிலேயே மறுபடியும் பதிந்துவருகிறோம். உட்கார்ந்து செய்யும்போதுதான் சிக்கல்கள் தெரிகின்றன. 'ஔவையார்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டி 'ஒளவையார்' என்று சிலர் அடித்திருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். 'பெரிய புராணம்' என்று பிரித்தும் 'பெரியபுராணம்' என்று சேர்த்தும் எழுதுவதும் இப்படித்தான். வாசகர் எப்படி அடித்தாலும் கிடைக்க வேண்டும் என்பதற்காக இரண்டு வடிவத்தையும் உள்ளே ஏற்றுகிறோம். மெதுவாகத்தான் நகர்கிறது. அதனால் கணினி இல்லை என்று சொன்னால் உடனே திரும்பிப் போய்விடாதீர்கள். அலமாரிப் பக்கம் இருக்கும் ஊழியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் ஊழியர் ஒருவருக்குப் புத்தகத்தின் பெயர்கூட வேண்டாம், அட்டையின் நிறத்தைச் சொன்னால் போதும்.

சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். 1931-இல் அவர் எழுதி வெளியிட்ட ஐந்து விதிகளை இன்று உலகம் முழுக்க நூலகத் துறையில் பாடமாக வைத்திருக்கிறார்கள். அதில் நான்காவது விதி, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. படிக்கிற காலத்தில் அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அலமாரியை ஒழுங்காக அடுக்குவதும் அட்டவணை போடுவதும்தான் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஓர் அறிவிப்பை எந்தச் சொல்லில் எழுதுகிறோம், எங்கே ஒட்டுகிறோம் என்பதும் அந்த விதிக்குள்தான் வருகிறது என்பதை அந்த மீஞ்சூர்ப் பெண் வந்துபோன பிறகே புரிந்துகொண்டேன்.

அவர் கேட்ட இரண்டாவது கட்டுரையை அன்றைக்கே எடுத்துக் கொடுத்தோம், லாகினும் போட்டுக் கொடுத்தோம். கிளம்பும்போது அவரிடமே கேட்டேன்: "எங்கே ஒட்டினால்மா நீங்கள் எல்லாரும் பார்ப்பீர்கள்?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி பிடிக்கிற இடத்துல ஒட்டுங்க மேடம். பாட்டில் நிரம்புற வரைக்கும் எல்லாரும் அங்கதான் சும்மா நிப்போம்."

இப்போது அங்கேதான் ஒட்டியிருக்கிறோம். ஈரம் படாமல் இருக்க லேமினேட் செய்து, எழுத்தைப் பெரிதாகப் போட்டு. அதில் இருப்பதை உங்களுக்கும் அப்படியே வாசிக்கிறேன்:

"கட்டுரை படிக்கப் பணம் கேட்கிறதா? கட்டாதீர்கள். தலைப்பை எழுதிக்கொண்டு ரெஃபரன்ஸ் மேசைக்கு வாருங்கள். எங்களிடம் இருந்தால் உடனே தருகிறோம். இல்லையென்றால் வேறு எங்கே கிடைக்கும் என்று தேடித் தருகிறோம். வீட்டிலிருந்தே படிக்க லாகின் வேண்டுமா? ஐடி கார்டோடு வாருங்கள், பத்து நிமிடத்தில் ஆகிவிடும். எல்லாம் இலவசம்."

நன்றி. வணக்கம்.