லயத்துப் பழைய டீவியை எங்கே கொடுப்பது?

அடுத்த கேள்வியைப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். "குப்பைச் சட்டம் மாறிவிட்டது, எரிக்கக் கூடாது என்கிறார்கள். எங்கள் லயத்துக்கு, அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, குப்பை லொறியே வருவதில்லை. உடைந்த டீவி, பழைய போன், சீஎப்எல் பல்பு, இதையெல்லாம் என்ன செய்வது?"

நியாயமான கேள்வி தங்கச்சி. 2017 சித்திரைப் புத்தாண்டன்று கொழும்புப் பக்கத்து மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் சோறு கட்டும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீட்டுக்குத் தடை வந்தது. பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பதும் குற்றமானது. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, கரண்டி, இடியப்பத் தட்டு வரை தடை நீண்டது. மின்கழிவு விதியோ இவற்றுக்கெல்லாம் முந்தியது. 2008 வர்த்தமானிப்படி அதைச் சேகரிக்கவும் ஏற்றிச்செல்லவும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும்.

ஆனால் நம் பக்கத்தில் நடப்பது என்ன? பழைய இரும்பு வாங்குபவரிடம் டீவி போகிறது. செம்புக்காக வயரை லயத்துக்குப் பின்னால் போட்டுக் கொளுத்துகிறார்கள். அந்தக் கறுத்த புகை பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகிறது. உடைத்துப் போட்ட படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, பல்புக்குள் பாதரசம் இருக்கிறது. ஓடையில் வீசினால் கெசல்கமுவ ஓயாவில் இறங்கி, காசல்ரீ நீர்த்தேக்கம் தாண்டி, களனி கங்கை வரை போகும். கொழும்பு குடிப்பதும் அந்தத் தண்ணீரைத்தான்.

லொறி வராததற்கு வருவோம். எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் செலவிட இடம்தரவில்லை என்று சபைகள் பல காலம் சொல்லிவந்தன. தோட்டத்தை நடத்தும் துரையைக் கேட்டால் சபையைக் காட்டுவார், சபையைக் கேட்டால் துரையைக் காட்டும். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை சேவை செய்ய வழி திறந்தது. ஆகவே அந்தப் பழைய சாக்குப்போக்கை இனி ஏற்காதீர்கள். எரிக்காதே என்று சொல்கிற அரசு, எடுத்துச்செல்ல ஆளையும் அனுப்ப வேண்டும். லயத்தார் எல்லோரும் கையெழுத்திட்டு, சபைத் தவிசாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். பிரதி ஒன்றைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். கடிதத்தைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வையுங்கள்.

அதுவரை மின்கழிவைத் தனியாக, நனையாத இடத்தில் ஒரு பெட்டியில் சேர்த்து வையுங்கள். அனுமதி பெற்ற சேகரிப்பாளர் யார் என்பதை அதிகாரசபையிடமே கேட்டு அறியலாம். நான்கைந்து லயங்கள் சேர்ந்தால், வண்டி வரச் சொல்லிக் கேட்பதும் இலகு. பல்பு உடைந்தால் விளக்குமாற்றால் கூட்டாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டு, தடித்த அட்டையால் அள்ளுங்கள். உப்பிப்போன போன் பெட்டரியைப் பெட்டியில் போடவே வேண்டாம். குத்தாமல், நசுக்காமல், மணல் போட்ட தகர டின்னில் வைத்து, அடுப்புக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாமல் வீட்டுக்கு வெளியே வையுங்கள்.