எக்ஸ்.பி-15: வீண்செலவு அல்ல, முதலீடு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் நிறைந்திருக்கும் அன்புள்ளங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் போயிங் நிறுவனம் கட்டிய எக்ஸ்.பி-15 என்ற ராட்சதக் குண்டுவீச்சு விமானம் வீண்செலவா, முதலீடா? இதுதான் இன்றைய கேள்வி. முதலீடே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டு அமர்ந்தார். கட்டியது ஒரே ஒரு விமானம், அதுவும் மணிக்கு 200 மைல் வேகத்தைத் தொடவே திணறியது, குண்டுவீச்சு விமானமாக எந்தப் போரிலும் இறங்கவில்லை. சரி, மூன்றும் உண்மை. ஒன்றைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் இந்த மூன்றையும் வைத்து அது வீண் என்று எப்படித் தீர்ப்பு எழுதுகிறார்? நாற்றங்காலைப் பார்த்து "நெல் எங்கே?" என்று கேட்கிற கேள்வி அல்லவா அது!

அந்த விமானத்திடம் என்ன கேட்கப்பட்டது என்று பாருங்கள். 1934-இல் அமெரிக்கத் தரைப்படையின் வான்பிரிவு, ஒரு டன் குண்டோடு 5,000 மைல் பறக்கக்கூடிய விமானம் கட்ட முடியுமா என்று கேட்டது. அலாஸ்கா, ஹவாய், பனாமா என்று தூரத்தில் கிடக்கும் இடங்களைக் காக்க வேண்டும் என்ற எண்ணம். அதற்கு முன் அப்படியொரு விமானம் கிடையாது. போட்டிக்கு வந்த மார்ட்டின் நிறுவனத்தின் எக்ஸ்.பி-16 காகிதத்தோடு நின்றுவிட்டது. போயிங் கட்டிக் காட்டியது. 1937 அக்டோபர் 15 அன்று சியாட்டிலில் அது வானேறியது. இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 149 அடி! பின்னாளில் புகழ்பெற்ற பி-17 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையே 104 அடிதான்.

வேகம் வரவில்லை என்கிறார்கள். ஏன் வரவில்லை? வடிவமைப்பாளர்கள் நம்பியிருந்தது அல்லிசன் நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்த புதிய இன்ஜின்களை. அவை நேரத்துக்குத் தயாராகவில்லை. ஆகவே சுமார் ஆயிரம் குதிரைத்திறன் கொண்ட நான்கு பிராட் அண்ட் விட்னி இன்ஜின்களைப் பூட்டினார்கள். 30 டன்னைத் தாண்டும் உடம்புக்கு அந்தப் பலம் போதுமா? விமானம் தயாராக இருந்தது, அதற்கேற்ற இன்ஜின் இன்னும் பிறக்கவில்லை. இதில் விமானத்தின் குற்றம் என்ன இருக்கிறது?

அந்த விமானத்துக்குள் ஒரு முறை நடந்து பார்ப்போம், வாருங்கள். நடந்து என்று சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. இறக்கைக்குள்ளேயே ஆள் போய்வர வழி இருந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே மெக்கானிக் அதற்குள் போய் இன்ஜினைக் கவனிக்கலாம். நாள் முழுக்கப் பறக்கிறவர்களுக்குப் படுக்கை, சமையல் வசதி, கழிப்பறை. 110 வோல்ட் மாறுதிசை மின்சாரம், அதைத் தயாரிக்கத் தனியாகச் சிறு பெட்ரோல் இன்ஜின்கள். இவ்வளவு பெரிய விமானத்தில் மனிதர்கள் எப்படி வேலை செய்வார்கள், எப்படி ஓய்வெடுப்பார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கேதான் விடை தேடினார்கள்.

அந்த விடைகள் எங்கே போயின? இதன் வரைபட வேலை நடந்துகொண்டிருந்தபோதே அதில் கிடைத்த யோசனைகள் பி-17-இன் முன்மாதிரிக்குப் போயின. சிறியது என்பதால் அது முந்திக்கொண்டு 1935-லேயே பறந்துவிட்டது. அப்புறம் இந்த இறக்கையைத்தான் தழுவி போயிங் 314 என்ற பறக்கும் படகை, அதாவது தண்ணீரில் இறங்கி ஏறும் விமானத்தை, கட்டினார்கள். 1939-இல் பான் அமெரிக்கன் நிறுவனத்துக்காகத் தபாலையும் பயணிகளையும் ஏற்றி அட்லாண்டிக் கடலைக் கடந்த விமானம் அது. அதே இறக்கை வடிவம், வலுவான இன்ஜின்கள், பிரமாதமாகப் பறந்தது! எங்கள் கட்சிக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா, நடுவர் அவர்களே?

வேறு விமானங்களின் பெருமையை இதன் கணக்கில் எழுதுவதாக எதிரணி சொல்லக்கூடும். சரி, இதன் சொந்தக் கணக்கையே பார்ப்போம். 1939 ஜனவரி 24 இரவு சிலி நாட்டின் சில்லான் பகுதியைப் பூகம்பம் தாக்கியது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் சுமார் ஒன்றரை டன் மருந்துப் பொருட்களை ஏற்றிக்கொண்டு, மேஜர் கேலப் ஹேன்ஸ் தலைமையில் பிப்ரவரி தொடக்கத்தில் இந்த விமானம் வர்ஜீனியாவின் லாங்லி தளத்திலிருந்து கிளம்பியது. பனாமா, பெரு வழியாக சாண்டியாகோ வரை, பறந்த நேரம் மட்டும் சுமார் 30 மணி. குண்டு சுமக்கக் கட்டிய விமானம் காயம்பட்டவர்களுக்கு மருந்து சுமந்தது. அந்தக் குழுவுக்கு, ஆண்டின் சிறந்த ராணுவ வான்பயணத்துக்கான மக்கே கோப்பையைக் கொடுத்தார்கள். இந்த ஒரு பயணத்தை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. நண்பரே, இதையுமா வீண்செலவில் எழுதுவீர்கள்?

அதே ஆண்டு ஜூலையில் 14 டன்னுக்கு மேல் பாரத்தை 2,000 மீட்டருக்கு மேலே தூக்கி உலக சாதனை படைத்தது. 1943-இல் அதைச் சரக்கு விமானமாக மாற்றினார்கள். பனாமாவைச் சுற்றி ஆட்களையும் சரக்கையும் தபாலையும் சுமந்தது. ஆயிரக்கணக்கானோர் அதில் பயணம் செய்தார்கள். 1944 இறுதி வரை உழைத்த பிறகுதான் ஓய்வு கொடுத்தார்கள். ஒரே ஒரு விமானம் என்று குறைசொன்னார்களே, அந்த ஒன்று ஏழு ஆண்டுகள் செய்த வேலை இது.

அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 149 அடி இறக்கையை முதலில் இதில் கட்டிப் பார்க்காமல், போயிங் 314-ஐ எந்தத் துணிச்சலில் பயணிகளோடு கடல் தாண்டி அனுப்பியிருப்பார்கள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.