படுகளத்து மண்

வணக்கம் நேயர்களே.

பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு அலுத்துப்போன ஒரு கேள்வி உண்டு. "இக்கதையில் வரும் இன்னாரின் பாத்திரப் படைப்பை விளக்குக." மாணவர்கள் எழுதுகிற பதில் எந்தக் கதைக்கும் பொருந்தும். முன்னுரை, அன்பு, அடக்கம், நேர்மை, விடாமுயற்சி, முடிவுரை. ஒருமுறை ஒரு பையன் கோவலனுக்கே 'ஒழுக்கம்' என்று துணைத்தலைப்புப் போட்டிருந்தான். மதிப்பெண் கொடுத்தேனா என்று கேட்காதீர்கள்.

பையன்களைச் சொல்லிக் குற்றமில்லை. கதையில் வருகிறவர்களைக் குணப் பட்டியலாகப் பார்க்கத்தான் நாம் சொல்லிக் கொடுத்தோம். எனக்கு வேறு மாதிரிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது வகுப்பறை இல்லை, எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் திடல்.

ஆற்காட்டிலிருந்து செய்யாறு போகிற சாலையில் உள்ளே தள்ளி ஒரு கிராமம் எங்களுடையது. அப்போது எல்லாமே வட ஆற்காடு மாவட்டம்தான். 1989இல் இரண்டாகப் பிரித்தார்கள், 2019இல் வேலூரை மறுபடியும் மூன்றாக்கினார்கள். மாவட்டத்தின் பெயர் மாறினாலும் திரௌபதி அம்மனுக்கு எடுக்கிற அக்னி வசந்த விழா மாறவில்லை. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. புரிசை மாதிரிக் கூத்துக்கே பேர்போன ஊர்கள் இருக்கிற வட்டாரம் என்பதால் ஜனங்களுக்கும் ரசனை கொஞ்சம் கூடுதல். ஆட்டம் சரியில்லை என்றால் பாதியிலேயே பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாடிய வில்லிபாரதத்தை எடுத்துவைத்துக்கொண்டு சொல்வார். குந்தி கர்ணனைத் தேடி வருகிறாள், நீ என் பிள்ளை, தம்பிகளோடு வந்து சேர் என்கிறாள். கர்ணன் மறுக்கிறான். அதற்கு அவன் சொல்கிற காரணத்தில் ஒரு சம்பவம் வருகிறது. துரியோதனன் மனைவியோடு கர்ணன் தனியாக விளையாடிக்கொண்டிருக்கிறான். அவள் எழுந்திருக்க, இவன் பிடித்து இழுக்க, மேகலை அறுந்து மணிகள் சிதறுகின்றன. பார்த்தால் வாசலில் துரியோதனன். 'எடுக்கவோ, கோக்கவோ' என்று கேட்கிறான். பொறுக்கித் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா? அவ்வளவுதான் பேச்சு. இந்த இரண்டு சொல்லுக்குப் பிரசங்கியார் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வார். எனக்கு அது நீளமாகத் தெரிந்ததே இல்லை.

ஏனென்றால், அன்று மத்தியானம் 'ஆஹா, என்ன மனுஷன்!' என்று உருகிய அதே கூட்டம், துகில் கூத்து நடக்கிற ராத்திரி அதே மனுஷனைப் பார்த்துப் பல்லைக் கடிக்கும். துச்சாதனன் வேடம் கட்டினவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, தாயே மன்னித்துவிடு என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் இழுப்பார். இழுக்கச் சொல்வது யார்? தன் மனைவியின் மேகலை அறுந்தபோது நண்பனைச் சந்தேகப்படாதவன், இன்னொருவன் மனைவியைச் சபையில் நிறுத்துகிறான். ஒரே ஆள்தான். இந்த இரண்டையும் வில்லிபுத்தூரார் சமாதானம் செய்துவைக்கவில்லை, கூத்துக்காரர்களும் செய்வதில்லை. அந்த முடிச்சை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நட்புக்குள் அவ்வளவு பெரியவனாக இருக்கிற ஒருத்தன், அந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களிடம் எப்படி இருக்கிறான் என்று நாமே யோசிக்க வேண்டியதுதான். நம் வீட்டிலும் தெருவிலும் இப்படி எத்தனை பேர்!

அப்புறம் கர்ண மோட்சம். பதினேழாம் நாள் போருக்குப் புறப்படும் முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருவான். அவளுக்கு அவன் தேரோட்டி வளர்த்த பிள்ளை, அதனால் இளக்காரம். சாகப் போகிற நாளிலும் பிறப்பைச் சொல்லிக் குத்துவாள். தான் யார் பிள்ளை என்று அவன் சொல்லிய பிறகுதான் அவளுக்கு உறைக்கும். அதற்குள் நேரம் போயிருக்கும். திடலில் அழாத ஆள் இருக்க மாட்டார்கள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். என் சின்ன வயதில் அந்தத் திடலில் காலனியிலிருந்து வந்தவர்கள் தனியே ஓர் ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். பிறப்பால் இழிவுபட்ட கர்ணனுக்காக நடுவில் உட்கார்ந்தவர்களும் அழுதார்கள், ஓரத்தில் உட்கார்ந்தவர்களும் அழுதார்கள். விடிந்ததும் அவரவர் தெருவுக்குப் போனார்கள். இலக்கியம் மனிதனைத் திருத்திவிடும் என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்கு அந்தத் திடல்தான் ஞாபகம் வரும். ஆனால் இன்னொன்றும் உண்டு. பொன்னுருவியின் வாயில் வந்த பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சுதான் என்று பத்து வயதில் எனக்குத் திடுக்கென்று பட்டதும் அங்கேதான். கூத்து பார்க்காமல் இருந்திருந்தால் அது பட்டிருக்குமா என்று சொல்ல முடியவில்லை.

நாவல் பக்கம் வந்தால், நம் வேலம் கிராமத்துக்காரர் மு.வ. என்கிற மு. வரதராசன் இருக்கிறார். 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அவருடைய 'அகல் விளக்கு' கதையில் வேலய்யன், சந்திரன் என்று இரண்டு நண்பர்கள். வேலய்யன்தான் கதை சொல்கிறவன், நிதானமானவன். சந்திரன் அழகன், கெட்டிக்காரன், தன்னைத்தானே எரித்துக்கொள்கிறவன். ஒளிரும் விளக்கைவிட அணையாத விளக்கு மேல் என்று ஆசிரியர் நமக்குச் சொல்ல விரும்புகிறார். அதைப் பாத்திரங்கள் வாயாலும் நிறையச் சொல்ல வைக்கிறார், சில இடங்களில் கட்டுரை படிப்பதுபோல் இருக்கும். இருக்கட்டும். படித்துப் பல வருடம் கழித்து என் மனதில் நின்றவன் வேலய்யன் இல்லை, சந்திரன்தான். ஆசிரியர் எவனைப் பின்பற்றாதே என்றாரோ, அவனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இதை மு.வ.வின் தோல்வி என்று நான் நினைக்கவில்லை. சந்திரனை அவர் வெறுத்து எழுதியிருந்தால் அவன் விழும்போது நமக்கு வலித்திருக்காது.

மறுபடி எங்கள் ஊருக்கே வருகிறேன். விழாவின் கடைசியில் படுகளம். களிமண்ணால் துரியோதனனை மல்லாந்து படுத்த மாதிரிப் பெரிதாகச் செய்து, வண்ணம் பூசி வைத்திருப்பார்கள். பீமன் வேடக்காரர் சுற்றிச் சுற்றி ஓடி வந்து தொடையில் அடிப்பார். திரௌபதி விரித்த கூந்தலை முடிவாள். கூட்டம் ஆர்ப்பரிக்கும். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் துரியோதனனுக்கு ஒப்பாரி எழும்.

என் ஆயா அதில் சேர்ந்து அழுதாள். பதினெட்டு நாளும் அவனைத் திட்டித் தீர்த்தவள். "ஏன் ஆயா, அவன் கெட்டவன்தானே?" என்று கேட்டேன்.

"கெட்டவன்தான்டா. அதுக்குன்னு செத்துக் கெடக்கறவனப் பாத்து அழுவக் கூடாதா?" என்றாள்.

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மற்றப் பெண்களோடு போய் அந்த மண் உருவத்திலிருந்து ஒரு பிடி கிள்ளி எடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அதை நெல் குதிருக்குள் போட்டு மூடினாள்.

வணக்கம்.